வீட்டில் பிராணவாயு: அளவறிந்து தர வேண்டிய மருந்து

மருந்து என்றவுடன் மாத்திரையும் ஊசியும் புட்டியில் அடைத்த கலவையுமே பலர் நினைவில் எழுகின்றன. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் கலந்துள்ள பிராணவாயுவும் ஒரு மருந்தே என்பது எளிதில் மனத்திற் பதிவதில்லை. ஆயினும், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. மருந்தாயின், இன்னாருக்கு உரியது என்ற வரையறை அதற்கு உண்டு; அளவும் வேளையும் உண்டு; மிகுந்தால் தீங்கும் உண்டு.

2021ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை வீசியபோது, பிராணவாயுவை நாடி மக்கள் பட்ட துயரம் மறக்கற்பாலதன்று. அக்காலத்தில் வாங்கப்பெற்ற கருவிகள் சிற்றூர்கள்வரை சென்றடைந்தன. மூச்சு முட்டும் வேளையில் திறந்து விட வேண்டிய வாயு இது என்ற எண்ணமும் மக்களிடையே வேரூன்றியது. நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுள் சிலருக்கோ இது ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குறித்த மணி நேரம் ஏற்க வேண்டிய மருந்தாகும். இவ்வேறுபாட்டை அறியாத வீடுகளில் கருவி இருந்தும் நோயாளி பயன் பெறுவதில்லை; சிற்சில வீடுகளில் அதனாலேயே கேடும் விளைகிறது. வீடுதோறும் செல்லும் களப்பணியாளரும், ஊராரின் நம்பிக்கைக்குரிய ஆசிரியரும் இதனை எடுத்துரைக்கும் வாய்ப்பு உடையவர்கள்.

பிராணவாயுக் குறைவு நேரும் விதம்

நுரையீரலினுள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களைச் சுற்றி மயிரிழையினும் நுட்பமான இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. சுவாசித்த காற்றிலிருந்து பிராணவாயு இச்சுவர்களின் வழியே இரத்தத்தை அடைந்து, சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினுடன் இணைகிறது. நலமாக உள்ளவரிடத்தில் ஹீமோகுளோபினில் 95 சதவீதத்திற்குக் குறையாத பகுதி பிராணவாயுவைத் தாங்கி நிற்கும்.

பீடி, சிகரெட்டுப் புகையும், விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகையும் பல ஆண்டுகளில் இக்காற்றறைகளைச் சிதைத்து, மூச்சுக்குழல்களையும் குறுகச் செய்கின்றன. குணமான காசநோயும் தழும்புகளை விட்டுச் செல்லும். குஜராத்தில் கம்பாத் நகரின் அகேட் கல் தொழிலாளரும், மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர்ப் பகுதியின் சிலேட்டுக் குச்சித் தொழிலாளரும் கல்லைத் தீட்டும்போது எழும் சிலிக்காத் தூளால் நுரையீரல் நோயுற்ற செய்தி நெடுங்காலமாக அறியப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் கையிலேந்திய எழுதுகோலுக்குப் பின்னே இவ்வாறு ஒரு நோயும் இருந்தது.

இரத்தத்தில் பிராணவாயு நெடுநாள் குறைந்திருந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றினூடே இரத்தத்தைத் தள்ள வேண்டிய இருதயத்தின் வலப்புறம் களைத்துப் போகிறது, கணுக்கால்கள் வீங்குகின்றன. குறைவை ஈடுசெய்யும் பொருட்டுச் சிவப்பணுக்கள் பெருகி, இரத்தம் தடிக்கிறது. நினைவாற்றலும் மங்கலாம். இக்கேடுகள் ஓசையின்றி நேர்வன. நோயாளி நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருக்கும்போதும், உறங்கும்போதும் இவை தொடர்கின்றன என்பதே இங்கு முதன்மையாக அறிய வேண்டியது.

யாருக்கு உரியது?

மூச்சுத் திணறலும் பிராணவாயுக் குறைவும் ஒன்றல்ல. இரத்தத்தில் போதிய பிராணவாயு இருந்தும் மூச்சு வாங்குவோர் பலர். அவர்களுக்கு உறிஞ்சு மருந்தும், மூச்சுப் பயிற்சியும், முறையான நடையுமே உதவும். மாறாக, குறைவு கடுமையாக இருந்தும் அதற்குப் பழகிவிட்டதால் எந்தக் குறையும் சொல்லாதோரும் உண்டு. ஆகவே அளந்தறிவதே வழி.

ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி 1970களின் முற்பகுதியில் கண்ட நெறியின்படி இயங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கிறது. விரலினூடே சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் செலுத்தி, இரத்தம் ஒவ்வொன்றையும் எவ்வளவு ஈர்க்கிறது என்பதிலிருந்து அது கணக்கிடுகிறது. விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சோ அடர்ந்த சாயமோ இருந்தாலும் அளவு பிழைபடக்கூடும். கருநிறத் தோலுடையோரிடத்து இக்கருவி உண்மையினும் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சி வலியுறுத்தியது. எனவே, எல்லையை ஒட்டிய அளவு தென்பட்டால் தமனி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது நன்று.

நோய் தணிந்து நிலைபெற்றிருக்கும் காலத்தில், ஓய்விலிருக்கும் நோயாளியின் அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது தமனி இரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் 55 மில்லிமீட்டர் பாதரசத்திற்கு மேற்படாதிருந்தால், நெடுங்காலப் பிராணவாயுச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. கால் வீக்கமோ இரத்தத் தடிப்போ இருப்பின் 59 வரையிலும் கொள்ளப்படும். சளி, காய்ச்சல் முற்றி மருத்துவமனையிலிருந்து மீண்டவருக்குத் தொடங்கிய சிகிச்சையை இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். சிலருக்கு அது பின்னர்த் தேவைப்படுவதில்லை. குறைவு மிதமாக உள்ள 738 நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு, அத்தகையோரின் ஆயுளை இச்சிகிச்சை கூட்டவில்லை எனக் காட்டியது. தேவையற்ற கருவிக்காகக் கடன்படும் குடும்பத்திற்கு இச்செய்தி உதவும்.

எத்தனை மணி நேரம்?

கடுங்குறைவு உள்ளோர்க்கு இது ஆயுளை நீட்டும் என்பதற்கு இரண்டு ஆராய்ச்சிகள் அடிப்படையாயின. பிரிட்டனில் நடைபெற்று 1981இல் வெளியான ஆராய்ச்சியில் 87 நோயாளிகள் பங்கேற்றனர். நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் பிராணவாயு பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளில் 19 பேர் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். அமெரிக்காவில் 203 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 1980இல் வெளியான ஆராய்ச்சியில், இரவில் 12 மணி நேரம் மட்டும் பெற்றோரிடையே இறப்பு, பகலிலும் இரவிலும் இயன்றவரை தொடர்ந்து பெற்றோரைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

அவ்வாறாயின் 24 மணி நேரமும் கட்டுண்டு கிடக்க வேண்டுமோ என்ற ஐயம் எழலாம். சுவீடனில் 241 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2024இல் வெளியான ஆராய்ச்சியில், 24 மணி நேரம் பெறுமாறு கூறப்பட்டோர்க்கும் 15 மணி நேரம் பெறுமாறு கூறப்பட்டோர்க்கும் ஓராண்டுக் காலத்தில் இறப்பிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ வேறுபாடு காணப்படவில்லை. எனவே, 15 மணி நேரத்தை நிறைவு செய்வதே குறிக்கோளாகும். உறங்கும் 8 மணி நேரத்துடன் உண்ணுதல், படித்தல், உரையாடுதல் ஆகிய வேளைகளையும் சேர்த்துக்கொண்டால் இது கைகூடும். மாலையில் மூச்சு வாங்கும்போது அரை மணி நேரம் மட்டும் குழாயை அணியும் நோயாளி கருவியை வைத்திருக்கிறாரே ஒழிய, சிகிச்சை பெறவில்லை.

மிகுந்தால் தீங்கு

மருத்துவர் குறித்த லிட்டர் அளவைக் கூட்டினால் விரைவில் நலம் பெறலாம் என்று உறவினர் எண்ணுவது இயல்பு. நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் பலருக்குக் கரியமிலவாயு உடலில் தேங்கும் தன்மை உண்டு. பிராணவாயு அளவுக்கு மீறும்போது மூச்சுவிடும் தூண்டுதல் சற்றுத் தளர்கிறது. காற்றோட்டம் குன்றிய பகுதிகளுக்கும் இரத்தம் மிகுதியாகச் சென்று பயனின்றித் திரும்புகிறது. கரியமிலவாயு மேன்மேலும் தேங்கவே, காலைத் தலைவலி, அரைத் தூக்கம், பிதற்றல், நீட்டிய கைகளின் நடுக்கம் ஆகியவை தோன்றி, இறுதியில் நினைவும் தப்பலாம்.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் அவசர ஊர்தியில் கொண்டுசெல்லப்பட்ட 405 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. அளவை 88 முதல் 92 சதவீதத்திற்குள் நிறுத்திப் பிராணவாயு தரப்பட்டோரில் 4 சதவீதத்தினரும், தாராளமாகத் தரப்பட்டோரில் 9 சதவீதத்தினரும் இறந்தனர். ஆகவே, கருவியின் திருகு அருகே மருத்துவர் குறித்த அளவைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டி வைத்தல் வேண்டும். நோயாளி வழக்கத்திற்கு மாறாக உறங்கி வழிந்தால் திருகைக் கூட்டாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

கருவியும் மின்சாரமும்

கான்சன்ட்ரேட்டர் என வழங்கும் கருவி பிராணவாயுவைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அறைக்காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் கனிமப் பொருள் நிரம்பிய உருளையினுட் செலுத்துகிறது. சியோலைட் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ள, 90 சதவீதத்திற்கு மேற்பட்ட பிராணவாயு வெளிவருகிறது. ஓர் உருளை வேலை செய்கையில் மற்றொன்று அழுத்தம் தளர்ந்து நைட்ரஜனை வெளியேற்றுகிறது. இவ்வாறு மாறி மாறி இயங்குவதால் நிரப்ப வேண்டிய தேவை இல்லை. சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி வைப்பதும், தூசுவடிகட்டியை வாரந்தோறும் கழுவி உலர்த்துவதும் அவசியம்.

மின்சாரச் செலவைக் குடும்பம் முன்னரே கணக்கிடுதல் நன்று. 350 வாட் கருவி 15 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 5¼ யூனிட்டும், மாதமொன்றுக்கு ஏறக்குறைய 157 யூனிட்டும் ஆகும். கட்டணத்திற்கு அஞ்சி மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அதனை மருத்துவரிடம் மறைப்போர் உண்டு. இதனைப் பரிவோடு கேட்டறிவது களப்பணியாளர் கடமை.

மின்தடைக்கு மாற்றாகச் சிலிண்டர் வேண்டும். நம் நாட்டில் வழங்கும் பி வகைச் சிலிண்டர் சுமார் 1500 லிட்டர் வாயுவைக் கொள்ளும். நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் அது 12½ மணி நேரம் நீடிக்கும். சுமார் 7000 லிட்டர் கொள்ளும் டி வகை அதே வீதத்தில் 58 மணி நேரம் வரும். அதாவது நாளுக்கு 15 மணி நேரமாக நான்கு நாட்களுக்கும் குறைவே. ஐந்தாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய இவ்வகுத்தற்கணக்கு ஒரு வீட்டை நள்ளிரவுத் தவிப்பிலிருந்து காக்கும்.

நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை

பிராணவாயு தானாக எரிவதில்லை, எரிவதைக் கடுமையாக்கும். குழாயிலிருந்து கசியும் வாயு தலைமயிரிலும் ஆடையிலும் படுக்கையிலும் தங்கி நிற்பதால், சாதாரணப் பொறியும் முகத்தைச் சுடும் தீயாக மாறக்கூடும். கருவி உள்ள அறையில் பீடியோ ஹூக்காவோ புகைத்தல் ஆகாது. விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு ஆகியவற்றிலிருந்து 3 மீட்டராவது விலகியிருத்தல் வேண்டும். வட இந்தியக் குளிர்காலத்துக் கணப்புச் சட்டியும், காஷ்மீரத்தில் அங்கிக்குள் ஏந்தும் காங்கிரி என்னும் தணற்கலமும் இத்தடையில் அடங்கும். மூக்கின் வறட்சிக்குத் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவாமல், நீர் கலந்த களிம்பையே பயன்படுத்த வேண்டும். சிலிண்டரின் திருகுகளில் எண்ணெய் படலாகாது.

அடுப்புப் புகையால் நோயுற்ற பெண்மணி, குழாயைக் கழற்றிவிட்டு மீண்டும் அதே அடுப்பின் முன் அமர நேர்வது பல வீடுகளில் காணும் அவலம். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் எரிவாயு பல வீடுகளை அடைந்துள்ளது. ஆயினும் விறகையும் உடன் எரிப்போர் உண்டு. அவர் செய்துவந்த சமையலை இனி யார் செய்வது என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்யாத வரையில், 15 மணி நேரச் சிகிச்சை ஏட்டளவிலேயே நிற்கும்.

அன்றாட வாழ்வு

பிராணவாயு பழகிவிட்டால் விட முடியாது என்றும், அது இறுதி நாட்களுக்கு உரியது என்றும் அஞ்சுவோர் பலர். அது போதைப் பொருளன்று. மூக்குக்கண்ணாடி பார்வைக்குத் துணையாவதுபோல் அது மூச்சிற்குத் துணையாகும். நீண்ட குழாயின் உதவியால் நோயாளி வீட்டினுள் நடமாடலாம். நடமாடவும் வேண்டும், அசைவற்ற தசைகள் விரைவில் மெலிந்துவிடும். உறிஞ்சு மருந்துகளை நிறுத்தலாகாது. இன்புளுயென்சா, நியூமோகாக்கல் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். சுமார் 3500 மீட்டர் உயரத்திலுள்ள லே போன்ற இடங்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே ஆதலின், மலைப் பயணத்திற்கும் விமானப் பயணத்திற்கும் முன் மருத்துவரின் ஆலோசனை அவசியம்.

களப்பணியாளர் வீட்டிற்குச் செல்லும்போது ஐந்து வினாக்கள் போதும். நேற்று எத்தனை மணி நேரம் குழாய் அணியப்பட்டது? திருகு குறித்த அளவில் நிற்கிறதா? காலையில் தலைவலியோ மிகுந்த உறக்கமோ உண்டா? அருகில் நெருப்பு உண்டா? மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு? ஆசிரியரும் தம் மாணவரிடம், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இக்குழாயை அணிந்திருந்தால் திருகைத் தொடலாகாது என்றும், அருகே தீக்குச்சி கிழிக்கலாகாது என்றும் கூறி வைக்கலாம்.

கருவியை வாங்குவதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. குறித்த அளவில் குறித்த மணி நேரம் நாள்தோறும் மூச்சில் கலக்கும்போதே அது மருந்தாகிறது. அதனைக் கணக்கிட்டு நடத்தும் குடும்பத்தில் நோயாளி மேலும் சில ஆண்டுகள் தம் பேரப்பிள்ளைகளோடு உண்டு உரையாடி வாழ இடமுண்டு.