செறிவும் நிரலும்

ஒரு வழியின் கொள்திறன் என்பது அங்கே எத்தனை பேர் நிற்கலாம் என்னும் கணக்கன்று. ஒரு நொடியில் எத்தனை பேர் தீங்கின்றிக் கடக்கலாம் என்னும் கணக்கே ஆகும். வழியின் அகலம், நடையின் விரைவு, ஒரு சதுர மீட்டரில் நிற்போர் தொகையாகிய செறிவு என்னும் மூன்றன் பெருக்கமே இக்கடப்பளவு. செறிவு மிகுந்தால் நடை தளரும். ஆதலின் ஓர் எல்லைக்குப் பின் ஆள் கூடக் கூடக் கடப்பளவு குறையும். சதுர மீட்டருக்கு 7 பேரை எட்டிய கூட்டம், தனித்தனி மாந்தராய் இயங்காது நீர்மம்போல் அலைவுறும் என்றார் நடைவழி அறிஞர் சான் புரூயின்.

ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில், 1296-இல் மராட்டிய அருளாளர் ஞானேசுவரர் அடக்கமான ஆளந்தியிலிருந்து அவர்தம் திருவடிநிலையும், தேகுவிலிருந்து மற்றோர் அருளாளராகிய துக்காராமின் திருவடிநிலையும் பல்லக்கேறிப் பண்டரிபுரம் நோக்கிப் புறப்படுகின்றன. வழியில் அவை தங்குமிடம் புனே. முன்னது பவானிப் பேட்டையிலும் பின்னது நானாப் பேட்டையிலும் உள்ள விட்டோபா கோயில்களில் இறங்கும். மராட்டியரின் ‘பேட்’ நம் பேட்டையோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்தது. வண்டிக்கும் குதிரைக்கும் வகுத்த அப்பேட்டைத் தெருக்கள் இலக்கக்கணக்கான அடியாரை எங்ஙனம் தாங்குகின்றன?

விடை நிரலில் உள்ளது. அடியார் ‘திண்டி’ என்னும் குழுக்களாய் நடப்பர். பல்லக்கைத் தாங்கும் தேருக்கு முன்னும் பின்னும் எந்தக் குழுவுக்கு எவ்விடம் என்பது எண்ணிட்டு வரையறுக்கப்பட்டது. ஆளந்திப் பல்லக்குக்கு இவ்வொழுங்கை 19-ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் ஐபத்ராவ் பாபா. மாலையில் தங்கலிடம் சேர்ந்ததும் கோல்காரர் தம் கோலை உயர்த்துவார். ஆயிரமாயிரம் தாளங்கள் அக்கணமே அடங்கும். குறையுடைய குழு மட்டும் தாளத்தை நிறுத்தாது. அதன் குறையைக் கேட்டபின்னரே அதுவும் ஓயும். ஒலிபெருக்கியும் தடுப்புக்கம்பியும் தோன்றுமுன்னரே, கூட்டத்தை ஆளவும் அதன் குரலைக் கேட்கவும் அக்கோல் என்னும் ஒரே கருவி போதுமானதாயிற்று.

மரபுடைமை, கல்லிலும் மரத்திலும் நிற்கும் நிலைமரபு என்றும், மாந்தர் ஒழுகலாற்றில் வாழும் இயங்குமரபு என்றும் இருவகைப்படும். கூட்டத்தின் பெயரால் முன்னதை இடிப்போர் பின்னதைக் கருதுவதில்லை. ‘வாடா’ என்னும் பழைய மனைகளின் செதுக்குத் தூண்களைப் பெயர்த்துத் தெருவை அகட்டினும், அது சென்று முடியும் கோயில் வாயில் அகலாது. கடப்பளவை முடிவுசெய்வது மிகக் குறுகிய இடமே. அகன்ற தெரு ஆட்களை விரைந்து கொணர்ந்து அவ்வாயிலில் செறிய வைக்கும்.

ஊருக்கு வெளியே நிலை வேறு. 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பல்லக்குப் பெருவழியில் நடப்போர்க்கெனத் தனித்தடம் வகுத்தது தக்க செயல்; அங்கே அகலம் உயிர்காக்கும். பேட்டைகளுக்குள்ளோ, அகலத்தைத் தேடாது வருகையை நேரத்தால் பகுத்தலே முறை. நகரமைப்பாளர்களே, தெருவை அளக்கும் நாடாவை விரிக்குமுன் திண்டிகளின் நிரலை ஏட்டில் பதியுங்கள். அக்கோல்காரரையும் உங்கள் அவையில் அமர்த்துங்கள்.