நடுவில் ஓர் ஏடு காணோம்

ஜார்ஜ்டவுனில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் மின்னஞ்சல் சர்வர் படுத்துவிட்டது. பேக்கப் மென்பொருள் தினமும் இரவு 'வெற்றி' என்றுதான் காட்டியது. திரும்ப ஏற்றினால் திறக்கவே மறுக்கிறது. எப்படி?"

அந்த மென்பொருள் பொய் சொல்லவில்லை. கோப்புகளை நகலெடுத்து முடித்தேன் என்றுதான் சொன்னது. நகல் எழுந்து நடக்குமா என்று அது பார்க்கவே இல்லை. 'ஒரே சொடுக்கில் மீட்பு' என்று விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதுதான் எனக்குக் கோபம்.

பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் வந்த வேகத்தில் குறிப்பேட்டில் எழுதுவார். பிறகு ஆற அமரப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வர் செய்வதும் இதுதான். அதன் பேரேடு ஒரு பெரிய தரவுத்தளக் கோப்பு. குறிப்பேடு, தொடர் எண்ணிட்ட 1 எம்பி கோப்புகளின் வரிசை. திடீரென்று மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும்.

கடை நடக்கும்போதே ஒருவர் பேரேட்டைப் பக்கம் பக்கமாக நகலெடுக்கிறார். முதல் பக்கத்தை 3 மணிக்கு எடுக்கிறார், 400ஆம் பக்கத்தை 4 மணிக்கு. இடையில் முதல் பக்கத்து முத்துவின் பணம் 400ஆம் பக்கத்து ராமனுக்கு மாறிவிட்டது. நகலில் அதே பணம் இருவரிடமும் இருக்கிறது! அந்த ஒரு மணி நேரக் குறிப்பேடும் கூடவே இருந்தால் பிழை தீரும். இல்லாவிட்டால் அது எந்த நேரத்துக் கணக்கும் இல்லை. ஒழுங்கான பேக்கப், கணக்குப்பிள்ளையைச் சில நொடிகள் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் படம் பிடிக்கும். விண்டோஸில் அதற்கான ஏற்பாடு 'வால்யூம் ஷேடோ காப்பி'.

பெரிய பள்ளம் அடுத்து வருகிறது. பேரேடு முழுதாக நகலாகிவிட்டது என்று சேதி வந்ததும் கணக்குப்பிள்ளை பழைய குறிப்பேடுகளைக் கொளுத்திவிடுவார். இல்லாவிட்டால் அலமாரி நிரம்பிக் கடையே நின்றுபோகும். ஆனால் நகலெடுக்க இரண்டு பேர் வந்தால்? ஒருவர் 'முடிந்தது' என்றதும் ஏடுகள் எரிகின்றன. மற்றவர் அன்றிரவு வந்து, மிச்சமிருப்பதை மட்டும் எடுத்துப் போகிறார். அவருடைய வரிசையில் 37ஆம் ஏடு இல்லை. 38 முதல் 138 வரை பத்திரமாக இருந்தும் ஒன்றும் ஆகாது, ஒவ்வொரு பதிவும் முந்தைய இருப்பின் மேல் நிற்பதால். மீட்கும்போது சர்வர் 36இல் நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லது. தாண்டிப் போனால் பொய்க் கணக்கு எழுதும்.

  

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. நகல் ஏற்பாடுகள் பல இருந்தும் நம்பி நின்றது எதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு நகல் வேலை, மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை, முறையான கையொப்பம் இல்லை என்று மின்னஞ்சல் அமைப்பே தள்ளிவிட்டிருந்தது. சோதனைக்காக ஒரு பொறியாளர் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் கடைசியில் உதவியது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றைக் காந்த நாடாவிலிருந்து மீட்டது. பிழை எட்டாத இடத்தில் நாடா இருந்தது. உடனுக்குடன் பிரதியெடுக்கும் கிளவுடில் அழிப்பும் உடனுக்குடன் பிரதியாகும் என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை.

வாசகருக்கு: உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேக்கப் மென்பொருள்கள் ஓடினவா என்று முதலில் பாருங்கள். குறிப்பேட்டுக் கோப்புகளின் எண்களை வரிசையாக அடுக்கி, எங்கே அறுந்தது என்று கண்டுபிடியுங்கள். அதுவரை உள்ளதை, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிந்திய அஞ்சல்கள் ஊழியர்களின் கணினிகளில் அவுட்லுக் வைத்திருக்கும் ஓஎஸ்டி கோப்புகளில் இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கணினிகளைப் புதிய சர்வரோடு இணைக்கும் முன் அவற்றின் வலைத் தொடர்பைத் துண்டியுங்கள். பழைய கணக்கை மாற்றாமல் அவுட்லுக்கைத் திறந்து, எல்லாவற்றையும் பிஎஸ்டி கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.