விடுமுறைக்கு ஐந்து புத்தகங்கள்: தேயிலை மலையிலிருந்து ஒரு பட்டியல்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்கு ஊரே திரண்டு வரும். தாப்பாவிலிருந்து ஏறும் சாலையிலும் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் சாலையிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கொஞ்சம் ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், சூடாகத் தேநீர், தேயிலைச் சரிவில் நின்று ஒரு படம். மாலையில் அவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். எங்களுக்கு இறங்கும் வேலை இல்லை. இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

வெளிநாடுகளில் கோடை விடுமுறைக்கென்றே மாணவர்கள் வாசிப்புப் பட்டியல் போடுவார்கள். எங்கள் மலையில் கோடை ஏது? ஆண்டு முழுக்க ஸ்வெட்டர்தான். ஆனால் விடுமுறை உண்டு. மழையும் மூடுபனியும் வீட்டுக்குள் உட்கார வைக்கும் மாலைகளும் உண்டு. நானும் தோட்டத்துத் தோழிகள் இருவரும் மூன்று ஆண்டுகளாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கொரு புத்தகம் கொண்டு வர வேண்டும். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வோம். படித்து முடித்தவர் மற்ற இருவருக்கும் கதையையும் தன் கருத்தையும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

அப்படிக் கைமாறியவற்றில் ஐந்தை உங்களுக்குச் சொல்கிறேன். எல்லாமே தோட்டத்தைப் பற்றியவை. ஏன் அப்படி என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அறைத்தோழி கேட்ட கேள்வி

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம். நான் கேமரன் மலையைச் சேர்ந்தவள் என்றதும் என் அறைத்தோழி, "அப்படியானால் அந்த நாவலைப் படித்திருப்பாயே!" என்றாள். எந்த நாவல் என்று எனக்குத் தெரியவில்லை. என் ஊரைப் பற்றிய நாவல் ஒன்று இருப்பதே பினாங்கில் வளர்ந்த ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த நாவல்தான் பட்டியலில் முதல் புத்தகம்.

1. 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்'

மலேசிய எழுத்தாளர் தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். 2012இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது; அந்த ஆண்டுக்கான மேன் ஆசிய இலக்கியப் பரிசையும் வென்றது. 2019இல் திரைப்படமாகவும் வந்தது.

ஜப்பானியர் முகாமில் அக்காவைப் பறிகொடுத்த யுன் லிங் என்ற பெண், அக்காவின் நினைவாக ஒரு ஜப்பானியத் தோட்டம் அமைக்க விரும்புகிறாள். அதற்காக, கேமரன் மலையில் வாழும் அரித்தோமோ என்ற ஜப்பானியத் தோட்டக் கலைஞரைத் தேடி வருகிறாள். அவசரகாலம் நடக்கும் 1950களின் தொடக்கம். பக்கத்திலேயே 'மஜூபா' என்ற கற்பனைத் தேயிலைத் தோட்டம். பகைவனிடமே கலையைக் கற்க வேண்டிய நிலையில் ஒருத்தி என்ன செய்வாள் என்பதுதான் கதை. ஆங்கிலம் சற்றுக் கடினம். படிவம் ஆறு மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் முயன்று பார்க்கலாம்.

இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். பனி இறங்கும் விதமும் தேயிலை வரிசைகளின் நிறமும் அப்படியே எங்கள் ஊர்தான். ஆனால் எங்கள் ஆட்களைத் தேடினேன். கதையின் ஓரத்தில், தூரத்துச் சரிவில்தான் அவர்கள் தெரிந்தார்கள். அது எழுத்தாளரின் குறை அல்ல. அவர் தன் கதையைச் சொன்னார். எங்கள் கதையைச் சொன்னவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன். மற்ற நான்கு புத்தகங்களும் அந்தத் தேடலில் கிடைத்தவை.

2. 'துன்பக்கேணி'

புதுமைப்பித்தன் எழுதிய நீண்ட சிறுகதை. 1935இல் 'மணிக்கொடி' இதழில் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மருதி என்ற ஏழைப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஊரில் பட்ட துன்பத்துக்கு அங்கே விடிவு கிடைக்கும் என்று நம்பிப் போனவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்கிறார்.

கதை வெளிவந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1930களில்தான் எங்கள் மலையிலும் காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். ஜே. ஏ. ரசல் 1929இல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். மருதி கப்பல் மாறி ஏறியிருந்தால் இங்கே வந்து சேர்ந்திருப்பாள்.

புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஒரே மாலையில் முடிந்துவிடும். முதலில் எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

3. 'எரியும் பனிக்காடு'

பி. எச். டேனியல் தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். தொழிலாளர்களிடம் கேட்டறிந்ததை வைத்து 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதினார். 1969இல் வெளிவந்த அந்த நாவலை இரா. முருகவேள் 2007இல் தமிழில் தந்தார். பாலா இயக்கிய 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான். படம் பார்த்தவர்களும் புத்தகத்தைப் படியுங்கள். படத்தில் இல்லாதது நிறைய இருக்கிறது.

பஞ்சம் பிழைக்க வழி தேடும் கருப்பன், வள்ளி என்ற இளந்தம்பதியர் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஆண்டு முழுக்க உழைத்தாலும் கணக்குப் பார்க்கும் நாளில் கடன் மட்டும் தீருவதில்லை. குளிர், அட்டைக்கடி, காய்ச்சல் எல்லாவற்றையும் விட அந்தக் கணக்குப் புத்தகம்தான் பயங்கரம்.

இதை நான் தனியாகப் படிக்கவில்லை. என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு மழை நாளில், "என்னமா படிக்கிற, சத்தமா படியேன்" என்றார். படித்தேன். அட்டைக்கடி பற்றிய இடம் வந்ததும் சிரித்தார். "உப்பும் பொகையிலையும் முடிஞ்சு வச்சுக்கணும், அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இத எழுதுனது நம்ம ஆளா?" என்றார். டாக்டர் என்றேன். "டாக்டருக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கே!" என்று வியந்தார்.

முன்பணக் கடன் பற்றிய பகுதி வந்தபோது பாட்டி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அப்புறம் தன் அம்மா கங்காணியோடு கப்பலேறி வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். எந்த ஊர், யாரோடு வந்தார், எந்தச் சரிவில் முதலில் வேலை செய்தார் என்று எல்லாம் வந்தது. நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். என் அப்பாவுக்கும் தெரியாது. "இதெல்லாம் ஏன் பாட்டி சொல்லவே இல்ல?" என்றேன்.

"யாரும் கேக்கலையேமா" என்றார்.

பிறகு வரலாற்று நூலில் ஒரு செய்தி படித்தேன். மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர் அனுப்பப்படுவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. எங்கள் மலையில் தேயிலை வந்ததோ 1929க்குப் பிறகு. ஆகவே கொள்ளுப்பாட்டி வந்தது இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில்தான் என்று கணக்குப் போட முடிந்தது. எங்கள் குடும்ப வரலாற்றில் கிடைத்த முதல் தேதி அது.

4. 'தேயிலைத் தோட்டத்திலே'

இலங்கை மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை 1954இல் வெளிவந்தது. சக்தீ பாலையா அதைத் தமிழாக்கினார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சி. வி., 1947இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். மறு ஆண்டே அங்கு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இங்கேயும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து முடித்த தோட்டத்துப் பெரியவர்கள் உண்டு என்பதால், இந்தச் செய்தி எனக்குத் தொலைவில் நடந்ததாகத் தோன்றவில்லை.

கவிதையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது சி. வி. செய்த இன்னொரு வேலை. தோட்டத்து மக்கள் பாடிய நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். கொழுந்து பறித்தவர்களும் தாலாட்டுப் பாடியவர்களும் எழுதி வைக்கவில்லை. அவர் எழுதி வைத்தார். இலங்கைத் தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலையக எழுத்தைத் தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

5. 'மண்புழுக்கள்'

கடைசியாக நம் நாட்டுத் தமிழ் நாவல் ஒன்று. கெடா மாநிலத்தைச் சேர்ந்த சீ. முத்துசாமி எழுதியது, 2006இல் வெளிவந்தது. ரப்பர் தோட்டத்துக் கதை. இவருக்கு 2017இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது.

நம் தோட்டங்களைப் பற்றி அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவலைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தமிழ்நாட்டிலிருந்து வந்து, பார்த்து, பரிவோடு எழுதியவரின் நூல். 'மண்புழுக்கள்' தோட்டத்துக்குள்ளேயே இருந்தவரின் நூல். தோட்டத்தில் பேசுகிற மாதிரியே ஆட்கள் பேசுகிறார்கள். தொடக்கத்தில் தட்டுத்தடுமாறினேன். சத்தமாகப் படித்தபோது சரியாக வந்தது. பேச்சுத் தமிழில் பேசுவதைக் குறையாக நினைத்திருந்த எனக்கு, அதிலேயே ஒரு முழு நாவலின் உலகம் எழும்ப முடியும் என்று காட்டிய புத்தகம் இது. பெரியவர்களின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் நாவல் என்பதால் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பொருத்தமானது.

ஆறாவது புத்தகம்

ஐந்தையும் படித்து முடித்தபோது எங்கள் மூவருக்கும் ஒரே கேள்வி வந்தது. இலங்கைத் தேயிலைக்குக் கதை இருக்கிறது. வால்பாறைத் தேயிலைக்கு இருக்கிறது. நம் ரப்பருக்கும் இருக்கிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை நடுவில் வைத்த தமிழ் நாவல் மட்டும் இன்னும் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் அடுத்த பரிமாற்றத்துக்குக் கொண்டு வாருங்கள்.

காத்திருக்க நேரமும் அதிகம் இல்லை. கைவிரலால் கொழுந்து பறித்தவர்கள் பாட்டியின் தலைமுறை. இப்போது இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் அறுக்கிறார்கள். வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். எங்கள் வயதுக்காரர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டோம். போனதில் தவறில்லை, படிக்கத்தானே அனுப்பினார்கள். ஆனால் கூடையின் எடையும் பெரட்டுக்கு அடித்த மணியின் நேரமும் நினைவில் வைத்திருப்பவர்கள் வீட்டுத் திண்ணையில் சிலர் மட்டுமே இருக்கிறார்கள்.

போன விடுமுறையில் பாட்டியிடம் மறுபடியும் கேட்டேன். ஊர்ப் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நான் படித்துக் காட்டினேன். "ஆமாம்மா, அதான், அதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மழை நாளில் சோம்பலாக இருந்து எழுதாமல் விட்டிருந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் இருந்திருக்காது.

ஆகவே நண்பர்களே, இந்த விடுமுறையில் ஐந்தில் ஒன்றையாவது படியுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். அவர்கள் இடைமறித்தால் கோபப்படாதீர்கள்; நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எங்கிருந்து வந்தார்கள், யார் அழைத்து வந்தது, முதல் சம்பளம் எவ்வளவு, வேலை செய்யும்போது என்ன பாடினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்ற ஐந்து கேள்விகள் போதும். தேதி போட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து வைத்தால் இன்னும் நல்லது.

என் நோட்டில் இதுவரை பதினொரு பக்கம் சேர்ந்திருக்கிறது. அடுத்த விடுமுறையில் கோயில் மண்டபத்துக்கு நான் கொண்டு போகப் போகும் புத்தகம் அதுதான்.