அமேசானின் மூன்று கல்லாக்கள்

லாபம் எங்கிருந்து? - 14

அமேசான் என்றதும் நம் கண் முன்னால் வருவது பழுப்பு அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒட்டிய கறுப்பு டேப், வாசலில் பைக்கை நிறுத்தி ஓ.டி.பி. கேட்கும் டெலிவரி இளைஞர். அந்தக் கம்பெனியின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். உலகம் முழுக்கப் போன அத்தனை பெட்டிகளும் சேர்ந்து ஈட்டிய லாபத்தைவிட, பெட்டியே இல்லாத ஒரு தொழில் ஈட்டிய லாபம் அதிகம்.

ஆண்டறிக்கையில் அமேசான் தன் தொழிலை மூன்றே பிரிவுகளாகக் காட்டுகிறது. முதலாவது வட அமெரிக்கா. அங்குள்ள இணையக் கடை, 2017-ல் 1,370 கோடி டாலருக்கு வாங்கிய ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடைகள், பிரைம் சந்தா எல்லாம் இதற்குள் வரும். இரண்டாவது வெளிநாடு. ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், இந்தியா எல்லாம் இந்த ஒரே மூட்டைக்குள்தான். மூன்றாவது ஏ.டபிள்யூ.எஸ். எனப்படும் அமேசான் வெப் சர்வீசஸ், அதாவது மற்ற கம்பெனிகளுக்கு சர்வரையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு விடும் கிளவுட் தொழில்.

2024-ல் மொத்த விற்பனை 63,800 கோடி டாலர். வட அமெரிக்கா 38,750 கோடி, வெளிநாடு 14,290 கோடி, ஏ.டபிள்யூ.எஸ். 10,760 கோடி. விற்பனையில் மூன்றாவதுதான் கடைக்குட்டி. ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லாபக் கணக்கில் வரிசை தலைகீழாகிறது. மொத்த செயல்பாட்டு லாபம் 6,860 கோடி டாலர். அதில் ஏ.டபிள்யூ.எஸ். மட்டும் 3,980 கோடி. வட அமெரிக்கா 2,500 கோடி. இத்தனை நாடுகளையும் கட்டி இழுக்கும் வெளிநாட்டுப் பிரிவு 380 கோடி.

எந்தக் காசு எந்தக் கல்லாவில் விழுகிறது என்பதே ஒரு வேடிக்கை. ஈரோட்டில் ஒருவர் அமேசான் இந்தியா தளத்தில் 1,200 ரூபாய்க்கு ஒரு கடாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,200 ரூபாயும் அமேசானின் விற்பனை ஆகிவிடாது. அந்நிய முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டு முதலீடு உள்ள இணைய வணிக நிறுவனம் தன் சொந்தச் சரக்கை இங்கே நுகர்வோருக்கு நேரடியாக விற்க முடியாது. சந்தை நடத்தலாம், அவ்வளவே. அதனால் கடாய் விற்ற செல்லரிடமிருந்து வாங்கும் கமிஷனும், பேக்கிங், டெலிவரிக் கட்டணமும்தான் 'வெளிநாடு' கல்லாவில் விழும். திருப்பூர் செல்லர் ஒருவர் அமேசானின் அமெரிக்கத் தளத்தில் சிகாகோக்காரருக்கு டி-ஷர்ட் விற்றால், அந்தக் கமிஷன் வட அமெரிக்கக் கணக்கு. ஈரோட்டுக்காரர் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தால்? பிரைம் வீடியோவுக்கு நேர் போட்டியான நெட்ஃபிளிக்ஸ் ஓடுவது ஏ.டபிள்யூ.எஸ். சர்வர்களின் மேல். போட்டிக்காரனுக்குப் போன காசிலும் ஒரு பங்கு மூன்றாவது கல்லாவுக்கு வந்து சேருகிறது.

இந்தப் பிரிப்பை யார் செய்கிறார்கள்? அமெரிக்கக் கணக்கியல் விதி ஒன்று இருக்கிறது. பணத்தை எங்கே போடுவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் தலைமை ஆள், தொழிலை எந்தெந்தக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறாரோ, அதே கூறுகளாகத்தான் முதலீட்டாளர்களுக்கும் காட்ட வேண்டும். ஆக, ஒரு கம்பெனியின் பிரிவுப் பட்டியல் கணக்கர்கள் உட்கார்ந்து போட்ட அட்டவணையாகத் தோன்றினாலும், அதில் தெரிவது சி.இ.ஓ.வின் பார்வை. அமேசானில் யார் மேலே போனார்கள், யார் போகவில்லை என்பதை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால் பல சங்கதிகள் விளங்கும்.

2015 ஏப்ரல் வரை ஏ.டபிள்யூ.எஸ். என்று ஒரு பிரிவே கணக்கில் கிடையாது. 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ், விளம்பரம், கிரெடிட் கார்டு வருமானம் முதலியவற்றோடு ஒளிந்து கிடந்தது. மைக்ரோசாஃப்ட், கூகுள்காரர்களுக்கு அது எவ்வளவு லாபம் தருகிறது என்று தெரியாமல் இருந்ததில் அமேசானுக்கு வருத்தம் ஒன்றும் இருந்திருக்காது. அந்த ஏப்ரலில் முதல்முறையாகத் திரை விலகியது: ஒரு காலாண்டில் 157 கோடி டாலர் வருமானம், 26.5 கோடி டாலர் லாபம். லாபமே பார்க்கத் தெரியாத கம்பெனி என்று அமேசானை அதுவரை கிண்டலடித்த பங்குச் சந்தை, மறுநாள் பங்கு விலையைச் சுமார் 14 சதவீதம் ஏற்றிவிட்டது. அதே காலாண்டில் கம்பெனி மொத்தமாக 5.7 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியிருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஏ.டபிள்யூ.எஸ். பிறந்த கதை என்று ஒன்று ஊரெல்லாம் உலவுகிறது. பண்டிகைக் கால நெரிசலுக்காக வாங்கிப் போட்ட சர்வர்கள் மற்ற மாதங்களில் சும்மா கிடந்தன, அதை வாடகைக்கு விட்டார்கள் என்று. மேனேஜ்மென்ட் வகுப்புகளிலும் இதைச் சொல்கிறார்கள். அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் இதைப் பகிரங்கமாகவே மறுத்திருக்கிறார். கொஞ்சம் யோசித்தாலும் கதை நிற்காது: வாடகைக்குக் கொடுத்த சர்வரை அடுத்த டிசம்பரில் வாடிக்கையாளரிடமிருந்து பிடுங்கவா முடியும்?

நடந்தது வேறு. 2001-ல் டார்கெட் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் இணையக் கடையை நடத்தித்தர அமேசான் ஒப்பந்தம் போட்டது. பிறருக்குக் கடை கட்டிக் கொடுக்கப் போனபோதுதான் தன் வீட்டுக்குள் இருந்த குழப்பம் தெரிந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. எதையும் தனியே கழற்றி இன்னொருவருக்குக் கொடுக்க முடியவில்லை. உள்ளேயும் இதே தொல்லை. புதிதாக ஒரு வசதி செய்ய எந்த டீம் இறங்கினாலும், சேமிப்பிடம், டேட்டாபேஸ் என்று அடித்தளத்தை முதலிலிருந்து கட்டுவதிலேயே மாதங்கள் ஓடின. இந்த அடித்தளத்தை ஒரே ஒருமுறை ஒழுங்காகக் கட்டி எல்லோரும் பயன்படுத்தினால் என்ன, அதையே வெளியாட்களுக்கும் விற்றால் என்ன என்ற யோசனை 2003 வாக்கில் உருவானது.

அதைத் திட்டமாக எழுதிக்கொண்டு போனவர் ஆண்டி ஜாஸி. ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்த கையோடு 1997 மே மாதம், அமேசான் பங்குச் சந்தைக்கு வந்த அதே மாதம், வேலைக்குச் சேர்ந்தவர். இந்தத் திட்டத்துக்கு அவர் கேட்டது 57 ஆட்கள். அப்போதைய அமேசானுக்கு அது பெரிய எண்ணிக்கை. கேட்கவே தயக்கமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்பிடச் சேவை வந்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் வாடகை. அந்த ஆகஸ்டில் இ.சி.2 என்ற கணினி வாடகைச் சேவை, ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட். உலகத்தையே மாற்றிய இந்த இ.சி.2-வைக் கட்டியது சியாட்டில் தலைமையகம்கூட இல்லை, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த ஒரு சின்ன டீம். மைக்ரோசாஃப்டின் அஷூர் கடையைத் திறந்தது 2010-ல். போட்டியாளர்கள் விழித்துக்கொள்ள இத்தனை ஆண்டு எடுத்தது அமேசானின் அதிர்ஷ்டம். 'மற்றவை' என்ற போர்வையும் அதற்கு உதவியது என்பது என் கணிப்பு.

ஜாஸிக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் அவர் பார்த்த வேலை விசித்திரமானது. பெயரளவில் தொழில்நுட்ப ஆலோசகர். கம்பெனிக்குள் அதை 'நிழல்' என்பார்கள். பெசோஸ் போகும் கூட்டத்துக்கெல்லாம் போவது, அவர் என்ன கேட்கிறார், எதற்கு முகம் சுளிக்கிறார், எந்த எண்ணில் போய் நிற்கிறார் என்று கவனிப்பது. கீழே ஆயிரம் பேரை வைத்து ஆளும் பதவி இல்லை. ஆனால் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தால் முதலாளியின் மண்டை எப்படி ஓடும் என்பது அத்துப்படி ஆகிவிடும். நம் ஊர்க் குடும்பத் தொழில்களில் மூத்த மகனுக்குக் கிடைக்கிற பயிற்சி இது. இங்கே மாப்பிள்ளைகள்கூட வெளியேதான் உட்கார வேண்டும். அமேசான் அதைச் சம்பளக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2013 ஜூனில் அமேசானைத் தொடங்கி நடத்திய அமித் அகர்வாலும் பெசோஸின் 'நிழலாக' இருந்துவிட்டு வந்தவர்தான்.

கூட்டங்களும் வேறு மாதிரி. 2004-ல் பெசோஸ் தன் மூத்த அதிகாரிகளின் கூட்டத்தில் பவர்பாயின்ட்டைத் தடை செய்தார். அதற்குப் பதிலாக ஆறு பக்கத்துக்கு மிகாத அறிக்கை. புள்ளி வைத்து அடுக்காமல் முழு வாக்கியங்களில் எழுதியிருக்க வேண்டும். கூட்டம் தொடங்கியதும் யாரும் பேசுவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் படிக்கிறார்கள். பேனாவால் ஓரத்தில் கிறுக்குகிறார்கள். இருபது நிமிடம், சில சமயம் அதற்கு மேலும், பக்கம் புரளும் சத்தம்தான். எழுதியவர் அந்த நேரமெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சுத் திறமையால் ஓட்டையை மூடும் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று, மீட்டிங் பார்த்துப் பழகிய எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

2016-ல் பெசோஸ் இரண்டு பேருக்கு சி.இ.ஓ. பட்டம் கொடுத்தார். ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு ஜாஸி, உலகளாவிய கடைத் தொழிலுக்கு ஜெஃப் வில்கி. 1999-ல் வந்து, குழம்பிக் கிடந்த கிடங்குகளை ஒரு தொழிற்சாலையின் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் வில்கி. பட்டத்து யானை இந்த இருவரில் யார் கழுத்தில் மாலை போடும் என்று வெளியே பேச்சு ஓடியது. 2020 ஆகஸ்டில் வில்கி ஓய்வுபெறப்போவதாக அறிவித்தார். 2021 ஜூலை 5 அன்று, கம்பெனி பதிவாகி சரியாக 27 ஆண்டு நிறைந்த நாளில், ஜாஸி முழு நிறுவனத்துக்கும் சி.இ.ஓ. ஆனார். பெசோஸ் செயல் தலைவராக மேலே போய் உட்கார்ந்தார். லாபக் கணக்கைப் பார்த்துவந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்க முடியாது.

ஆனால் நாற்காலியோடு தலைவலியும் வந்தது. கோவிட் காலத்தில் கிடங்குகளை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். ஜனங்கள் மறுபடி கடைத்தெருவுக்குப் போகத் தொடங்கியதும் அத்தனையும் சுமையானது. 2022-ல் வட அமெரிக்காவில் 280 கோடி டாலர், வெளிநாட்டில் 770 கோடி டாலர் செயல்பாட்டு நட்டம். அந்த ஆண்டு ஏ.டபிள்யூ.எஸ். கொண்டுவந்த 2,280 கோடி இல்லாவிட்டால் கதை கந்தல். வில்கிக்குப் பின் கடைத் தொழிலைப் பார்த்த டேவ் கிளார்க் அந்த ஆண்டே விலகினார். அந்த இடத்துக்கு டக் ஹெரிங்டன் வந்தார். அலுவலகப் பணியாளர்களில் 27,000 பேரின் வேலை போனது. 15 லட்சம் பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் இது சிறு துளிதான் என்று கணக்கு சொல்லும். வேலை போனவர் வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

ஜாஸி கடையைத் திருத்திய விதத்தில் கிளவுட்காரரின் கை தெரிகிறது. அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெட்டியை அனுப்பும் ஏற்பாட்டை மாற்றி, நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்து, சரக்கை வாங்குபவரின் பக்கத்திலேயே வைத்தார்கள். 2023-ல் அமெரிக்காவில் ஒரு பொருளைக் கொண்டுசேர்க்கும் செலவு 45 சென்ட்டுக்கு மேல் குறைந்தது. சில்லறைக் காசுதான், ஆனால் அமேசான் அனுப்பும் பெட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

இன்று ஜாஸிக்குக் கீழே சி.இ.ஓ. என்ற பட்டத்தோடு முக்கியமாகத் தெரிபவர்கள் இரண்டு பேர். கடைத் தொழிலுக்கு ஹெரிங்டன், ஏ.டபிள்யூ.எஸ்.ஸுக்கு, 2024 ஜூனில் ஆடம் செலிப்ஸ்கியிடமிருந்து பொறுப்பேற்ற மேட் கார்மன். கார்மன் 2005-ல் மாணவப் பயிற்சியாளராக வந்து மறு ஆண்டு முழுநேர ஊழியராகச் சேர்ந்தவர். பட்டங்களும் பிரிவுகளும் அப்படியே பொருந்துகின்றன. இந்தப் பொருத்தத்துக்குள் அகப்படாத ஒரு பணம் இருக்கிறது. எனக்கு அதுதான் சுவாரசியம்.

போனில் அமேசானைத் திறந்து 'பிரஷர் குக்கர்' என்று தேடிப் பாருங்கள். மேலே வரும் சில குக்கர்களின் ஓரத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற சாம்பல் எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருக்கும். அந்த இடம் குக்கர் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்தது. நாம் தொடுகிற ஒவ்வொரு தொடலுக்கும் அவர்கள் அமேசானுக்குக் காசு கட்டுகிறார்கள். குக்கரை வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. இந்த விளம்பர வருமானமும் ஆண்டுக் கணக்காக அதே 'மற்றவை'யில்தான் கிடந்தது. 2022 பிப்ரவரியில் முதல்முறையாகத் தனியே காட்டினார்கள்: 2021-ல் சுமார் 3,120 கோடி டாலர். 2024-ல் அது 5,620 கோடி ஆகிவிட்டது, ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் வருமானத்தில் பாதிக்கும் மேல்.

வருமானத்தைக் காட்டினார்களே தவிர, அதில் எவ்வளவு லாபம் என்று காட்டவில்லை. அது முதல் இரண்டு கல்லாக்களுக்குள் கலந்து கிடக்கிறது. சரக்கு வாங்க வேண்டாம், கிடங்கு வேண்டாம், டெலிவரி வண்டி வேண்டாம். இப்படிப்பட்ட தொழிலில் லாப விகிதம் குறைவாக இருக்க வழியே இல்லை. இரண்டு கடைப் பிரிவுகளும் சேர்ந்து 2024-ல் காட்டிய லாபம் 2,880 கோடி டாலர். விளம்பர வருமானம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விளம்பரக் காசை வெளியே எடுத்துவிட்டால், பொருள் விற்று டெலிவரி செய்யும் தொழிலில் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்பதே என் ஊகம்.

விதியின்படி, வருமானத்திலோ லாபத்திலோ சொத்திலோ பத்து சதவீதத்தைத் தொடுகிற பிரிவைத் தனியே காட்டியாக வேண்டும். வருமானத்தில் விளம்பரம் 2024-ல் ஒன்பது சதவீதத்தை நெருங்கிவிட்டது. லாபத்தில் எப்போதோ தாண்டியிருக்கும். ஆனால் அது 'பிரிவு' ஆவதற்கு, ஜாஸி அதைத் தனித் தொழிலாகப் பார்க்க வேண்டும். கடையின் ஓர் அங்கமாகவே பார்க்கிறேன் என்று அவர் இருக்கும்வரை விதி அந்தக் கதவைத் தட்டாது. விளம்பரத் தொழிலைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த பால் கோட்டஸுக்கு சி.இ.ஓ. பட்டம் இல்லை, சீனியர் வைஸ் பிரசிடென்ட்தான்.

அந்த விளம்பரப் பணத்தைக் கட்டும் செல்லர்கள் என்ன சொல்கிறார்கள், 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் 17 மாநிலங்களும் சேர்ந்து அமேசான்மீது ஏன் வழக்குப் போட்டன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)