தேன் வேண்டாம், தேனீ வேண்டும்

சமண இல்லறத்தாருக்குக் கள், ஊன், தேன் மூன்றும் விலக்கு. சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதை மூலகுணங்களில் சேர்த்துச் சொல்கிறார். அடையிலிருந்து தானாகச் சொட்டிய தேனும் ஆகாது என்பது புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திரரின் கருத்து. அதில் தோன்றி வாழும் சிற்றுயிர்கள் மடியும் என்பது காரணம். அப்படியிருக்க, தமிழ்ச் சமணனாகிய நான் தேனீ பற்றி எழுத வந்தது அன்பர்கள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். "தேனையே தொடாத உமக்குத் தேனீ எதுக்கய்யா?" என்பார்கள். தேனைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் அந்த உயிரின் அருமை தெரியும் என்பதே என் பதில்.

நகரத்தில் நால்வகை

பெங்களூருவில் கண்ணில் படும் நம் நாட்டுத் தேனீக்கள் நான்கு. முதலாவது மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளை, அடுக்குமாடியின் விளிம்பு, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் திறந்தவெளியில் ஒரே அடை கட்டும். அது ஒரு மீட்டர் அகலம்கூட வளரும். இதைப் பெட்டியில் அடைத்து வளர்க்க முடியாது.

இரண்டாவது இந்தியத் தேனீ. மரப்பொந்தில், சுவர்ப்பொந்தில், இருட்டில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் நியூட்டன் திருச்சிப் பக்கத்தில் இதற்கென அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மூன்றாவது கொம்புத்தேனீ. புதர்க் கிளையில் சின்னதாய் ஓர் அடை. நான்காவது கொசுத்தேனீ. கொட்டும் கொடுக்கு இதற்கில்லை. சுவர் ஓட்டையில் மெழுகும் பிசினும் குழைத்துக் குழாய் போல் வாசல் வைக்கும்.

மொட்டைமாடியில் பாகல், சுரை, பூசணி போட்டவர்கள், "பூ பூக்குது, பிஞ்சு நிக்க மாட்டேங்குது" என்று குறைப்படுவதுண்டு. இக்கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைச் சுமந்து சேர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தேனீதான்.

விருந்தாளிக்கு விஷமா?

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஐந்தாம் மாடி விளிம்பில் மலைத்தேனீ கூடு வைத்தது. கூட்டின்மேல் அலை அலையாக ஒரு மினுக்கம் ஓடுவதைப் பார்த்து, "தாக்க வருது" என்று பயந்துவிட்டார்கள். உண்மையில் அது குளவியை விரட்டும் உத்தி. பூச்சி மருந்துக்காரர் இரவில் வந்து அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் செத்த தேனீக்களைக் காவலாளி முறத்தால் அள்ளினார். ஒரு துளித் தேன்கூட உண்ணாத குடும்பங்களும் அந்தச் செலவுக்குப் பங்கு கொடுத்தன. உண்ணாமல் இருப்பது மட்டும் அகிம்சை ஆகிவிடுமா?

மலைத்தேனீ இடம் பெயரும் இனம். பூக்காலத்தில் வந்து சில மாதம் தங்கும். பூ குறைந்ததும் தானே கிளம்பிவிடும். ஆகவே முதல் மருந்து பொறுமை. கூட்டின்மேல் கல் எறியக் கூடாது; அருகில் புகை, பட்டாசு ஆகாது. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கூட்டை ஒட்டிய பால்கனி விளக்கை அணைத்துத் திரை போட்டால் போதும். ஒரு தேனீயை நசுக்கினால் எழும் வாடை மற்றவற்றையும் கொட்ட அழைக்கும். கொட்டினால் கொடுக்கை உடனே சுரண்டி எடுத்துவிட்டு அவ்விடம் விட்டு விலக வேண்டும். பல இடங்களில் கொட்டினாலும், மூச்சுத் திணறினாலும் தாமதிக்காமல் மருத்துவமனை போக வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு மிக அருகில் கூடு இருந்தால், கொல்லாமல் கிளப்பிவிடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

துளசியைப் பூக்க விடுங்கள். இடமிருந்தால் முருங்கை, புங்கன், நாவல் வையுங்கள். பூத்த செடிக்குப் பூச்சி மருந்து வேண்டாம். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தால், தேனீ மூழ்காமல் கல்லில் அமர்ந்து குடிக்கும். சுவர் ஓட்டையில் கொசுத்தேனீ இருந்தால் சிமெண்டு பூசி அடைக்காதீர்கள்.

பெட்டி வாங்கி வளர்த்தால்தான் தேனீ வளர்ப்பு என்பதில்லை. வந்ததை வாழ விடுவதும் வளர்ப்புதான். தேன் உண்பவரும் உண்ணாதவரும் சேர்ந்து செய்யக்கூடிய அறம் இது. உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், "தேன்கூட்டுக்கு மருந்து அடிப்பதில்லை" என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஒரு வரி எழுதினால் போதும், காசு செலவில்லை.