மயிலின் கழுத்தும் முகூர்த்த நாளும்

ராபர்ட்சன்பேட்டையில் நாம் அறிந்த ஒரு வீட்டின் முன்னறையிலே ஒரு சகோதரி தையற்கடை நடத்தி வருகிறார். மணப்பெண்களின் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்வதில் அவர் கைதேர்ந்தவர். சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து அவர் மயிலொன்றை உருவாக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ஆயினும், சென்ற தை மாதத்தில் அவருக்கு நேர்ந்தது நம் மனத்தை மிகவும் வருத்தியது.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமையே ரவிக்கையைத் தருவதாக வாக்களித்திருந்தார். செவ்வாயன்று மயிலின் கழுத்து வளைவு மனத்துக்கு ஒப்பவில்லை என்று பிரித்தார். மறுபடி தைத்தார்; மறுபடி பிரித்தார். பட்டில் ஊசித்துளைகள் பெருகின. மூன்றாவது முறை தைத்து முடித்தபோது வெள்ளிக்கிழமை பொழுது புலர்ந்திருந்தது. மணப்பெண் வேறொரு ரவிக்கை அணிந்து மணையில் அமர்ந்துவிட்டாள். கூலியில் பாதி கூட வரவில்லை. அதனால் காத்துக் கிடந்த வேறு இரண்டு வேலைகளும் கை நழுவின.

“ஏனம்மா இப்படிச் செய்தாய்? முதலில் தைத்த மயிலே நன்றாகத்தானே இருந்தது?” என்று கேட்டோம்.

“நன்றாகத்தான் இருந்தது, அண்ணா. ஆனால் நாலு பேர் பார்த்து ஒரு குறை சொல்லிவிட்டால் அப்புறம் இந்த ஊரில் என்னிடம் யார் துணி கொடுப்பார்கள்?” என்றார்.

இந்த விடையிலே பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. நிறைவுக்கு ஆசைப்பட்டுப் பிரித்ததாகவே நாம் எண்ணியிருந்தோம். பழிச்சொல்லுக்கு அஞ்சியே அவர் பிரித்திருக்கிறார். அந்த அச்சத்துக்குக் காரணமும் இல்லாமலில்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் குடும்பங்கள் பலவும் பெங்களூர் ரயிலையே நம்பி வாழ்கின்றன. சகோதரியின் கணவரும் விடியுமுன் அந்த ரயிலைப் பிடிப்பவர்தாம். வீட்டில் நடக்கும் இச்சிறு தொழில் படுத்துவிட்டால் அடுத்த மாத வாடகைக்கே வழி தேட வேண்டும். புகைப்படக்காரர், அழைப்பிதழ் அச்சிடுவோர், மணமேடை அலங்கரிப்போர் என்று கைத்திறனை மூலதனமாகக் கொண்ட எவரிடம் பேசினாலும் இதே கதையின் ஒரு துண்டு கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் கலையையே தொழிலாக நடத்திய இரு பெரியாரின் வழிகளை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது பயன்தரும்.

ஒருவர் ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன். அவருடைய ‘சந்திரலேகா’ உருவாக ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பிடித்தன. முதலில் டி. ஜி. ராகவாச்சாரி இயக்கினார், பின்னர் வாசனே இயக்கத்தை ஏற்றுக்கொண்டார். கதை பலமுறை மாறிற்று. சர்க்கஸ் காட்சிகள் இடையிலே சேர்க்கப்பட்டன. சிறையிலிருந்து 1947-ல் மீண்ட என். எஸ். கிருஷ்ணனுக்கும் அவருடைய துணைவியார் டி. ஏ. மதுரத்துக்கும் படத்தில் இடம் கிடைத்தது. செலவு 30 லட்ச ரூபாய் வரை சென்றதாகக் கணக்கிடுவர். 1948 ஏப்ரல் 9-ஆம் நாள் வெளிவந்த அப்படத்தின் முரசு நடனத்தைக் கண்டு தமிழகமே வியந்தது. இருந்தும் தமிழ் வசூல் மட்டும் முதலை மீட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியிலும் வெளியிட்டு வடநாட்டை வென்ற பிறகே வாசனால் மூச்சுவிட முடிந்தது.

மற்றவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். 1935-ல் ஏற்காட்டுச் சாலையில் தம் ஸ்டூடியோவை நிறுவினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய ‘பாலன்’ (1938), தமிழின் முதல் வண்ணப் படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை அவற்றுள் சில. ஆலையில் தறி ஓடுவதைப் போலவே அங்கே படப்பிடிப்பு ஓடிற்று என்று சொன்னால் மிகையாகாது. கதை வசனம் முன்கூட்டியே முடிவாகிவிடும். குறித்த நேரத்தில் படப்பிடிப்பு தொடங்கும். குறித்த நாளில் படம் முடியும். காலந்தவறுவோர் யாராயினும் சுந்தரம் பொறுத்துக்கொள்ள மாட்டார் என்பது அந்நாளைய திரையுலகம் முழுதும் அறிந்த செய்தி. ‘மந்திரி குமாரி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் படம் முடியுமுன்பே அமெரிக்கா திரும்ப நேர்ந்தது. சுந்தரமே மிச்சத்தை எடுத்து 1950-ல் படத்தை வெளியிட்டார். படமும் நன்றாக ஓடிற்று.

வாசனை நாம் குறைத்து மதிக்கவில்லை. ‘சந்திரலேகா’வை மறவாத தமிழர் இன்றும் உண்டு. ஆனால் அவருக்குப் பின்னால் ‘ஆனந்த விகடன்’ இருந்தது. முந்தைய படங்களின் வெற்றியும் இருந்தது. ஐந்தாண்டு பொறுத்திருக்க வசதி வேண்டும். தவிரவும், அவர் மாற்றியவை கொட்டகையில் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் தெரிந்த மாற்றங்கள். நம் சகோதரி பிரித்த மயிலின் கழுத்தையோ சட்டத்தின் மேல் குனிந்து பார்ப்பவரன்றி வேறெவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

எழுத்துலகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘பொன்னியின் செல்வ’னைக் கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதி வந்தார், ஓவியர் மணியம் வாரந்தோறும் சித்திரம் தீட்டினார். அத்தியாயம் தமக்கு முழுமையாகப் பிடிக்கும் வரை இதழை நிறுத்திவைப்பது என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டான். கதை முடிந்தபோது, முடிவு போதவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி அக்குறையை மறைக்காமல் முடிவுரை ஒன்று எழுதி விடையளித்தார். அக்கதை இன்றும் விற்பனையாகிறது.

இவ்வளவு தூரம் செல்வானேன்? நம் தங்கவயலின் சயனைடு மேடுகளைப் பாருங்கள். பாறையை இடித்துப் பொடியாக்கிப் பொன்னைப் பிரித்தபின் மிஞ்சிய மண் அது. அதில் இன்னமும் பொன் உண்டு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அந்தக் கடைசித் துகளையும் எடுக்க முயன்றிருந்தால் செலவு பொன்னின் விலையைத் தாண்டியிருக்கும். ஆகவே சுரங்கத்தார் அதை விட்டுவிட்டு அடுத்த பாறைக்குச் சென்றனர். (அம்மேடுகளின் தூசி காற்றிலே வந்து நம் வீடுகளில் படிவது வேறு கதை, அதைப் பிறிதொரு முறை எழுதுவோம்.) பொற்கொல்லரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். 24 காரட் பொன் மெத்தென்றிருக்கும். செம்போ வெள்ளியோ சிறிது கலந்து 22 காரட் ஆக்கினால்தான் வளையல் வளையாமல் நிற்கும்.

சகோதரியிடம் சுந்தரத்தின் வழியையே எடுத்துச் சொன்னோம். ஊசியைத் தொடுமுன் காகிதத்தில் மயிலை வரைந்து மணப்பெண்ணின் தாயாரிடம் காட்டிச் சம்மதம் பெறுவது. காகிதத்தில் நூறு முறை அழித்தாலும் பட்டுக்கு நோவு இல்லை. முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பே ஒப்படைப்பதாக நாட்காட்டியில் குறித்துவிடுவது. ஒரு வேலையை ஒரு முறைக்கு மேல் பிரிப்பதில்லை என்று கணக்கு வைப்பது. முடிந்ததைக் கைதூரத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பது. பந்தியில் எதிரே அமர்பவர் அவ்வளவு தொலைவிலிருந்துதானே பார்ப்பார்?

அவருக்கு இதில் ஓர் ஐயம் எழுந்தது. “அப்படியானால் எந்தக் குறையையும் விட்டுவிடலாமா, அண்ணா?” என்றார். நல்ல கேள்வி. சாயம் ஒட்டுவது, மணி உதிர்வது, தோளில் இறுக்குவது ஆகியவற்றை எந்நாளும் விடலாகாது. அவை அணிபவளை வருத்துபவை. முடிச்சுச் சரியாக விழாத மணியை இரவெல்லாம் விழித்தாவது மாற்றத்தான் வேண்டும். ஜரிகை ஒரு நூலளவு சாய்ந்திருப்பதோ தைத்தவரை மட்டுமே வருத்துவது.

இன்னொன்றும் சொன்னோம், அதைக் கேட்டு அவர் சற்றுத் தயங்கினார். கூடுதல் நுணுக்கம் வேண்டுவோரிடம் கூடுதல் கூலி கேட்க வேண்டும் என்பதே அது. கேட்கக் கூசிக்கொண்டு, யாரும் கேளாத நுணுக்கத்தை இலவசமாகச் செய்து கொடுத்து, பிறகு தாமே நொந்துகொள்வது நம்மவரிடையே பரவலாக உள்ள வழக்கம். பிறர் மண்ணில் குடியேறி வாழ்பவர்கள் தம் வேலைக்கு விலை சொல்ல அஞ்சுவது இயல்புதான். எனினும் பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து தேடி வருபவர், கூலி சற்றுக் கூடியதற்காகத் திரும்பிப் போய்விட மாட்டார்.

சென்ற வாரம் அவ்வழியே போனபோது எட்டிப் பார்த்தோம். முன்னறைச் சுவரில் நாட்காட்டி. அதில் இரண்டு முகூர்த்தங்களுக்குச் சிவப்பு மையில் வட்டம். அவற்றுக்கு நான்கு நாள் முன்பு நீல மையில் வட்டம். முடிந்த ரவிக்கையொன்று கதவருகே தொங்கிற்று. மயிலின் கழுத்தில் ஒரு தையல் சற்றே ஆழமாக விழுந்திருந்தது. நாம் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“தெரிகிறதா, அண்ணா?”

“கிட்டே வந்தால் தெரிகிறது, அம்மா.”

அவர் சிரித்தார். ரவிக்கையை மடித்துப் பையிலிட்டு, அதைப் பெற்றுக்கொள்ள வந்திருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, சட்டத்தில் அடுத்த துணியைக் கட்டத் தொடங்கினார்.