வகுப்புக்குள் வந்த வீட்டு மொழி

ஒடிஷாவின் கந்தமால் மலைகளில் குயி பேசும் குழந்தைக்குக் கண் என்றால் 'கனு'. தமிழுக்குத் தூரத்து உறவான திராவிட மொழி அது. பள்ளியில் கண், 'ஆக்கி' ஆகிவிடும். ஆசிரியரின் ஒரியா புரியாமல் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். மந்தம் என்ற முத்திரையும் விழும்.

அறுபதுக்கும் மேற்பட்ட பழங்குடிகள் வாழும் இந்த மாநிலம் 2006-ல் விழித்துக்கொண்டது. முதலில் 10 பழங்குடி மொழிகளில் தொடக்கப் பாடங்கள். பிறகு 21 மொழிகள். அங்கன்வாடிகளுக்கான 'நுவா அருணிமா' பாடத்திட்டமும் பழங்குடி மொழிகளில் வந்தது. வாரச் சந்தை, இலுப்பைப் பூ, அறுவடை விழா என்று ஊரின் வாழ்க்கையே பாடம்.

பெற்றோரின் பயம் வேறு: "ஒரியா தெரியாவிட்டால் வேலை?" குயி நூல்கள் ஒரியா எழுத்தில் அச்சாவதால் அந்தப் பயத்துக்கு ஓரளவு பதில் உண்டு. எழுத்து பழகிய பின் ஒரியாவும் ஆங்கிலமும் சேர்கின்றன.

சிக்கல் ஆட்களில்தான். புத்தகத்தை அச்சடிப்பது சுலபம். குயி தெரிந்த ஆசிரியருக்கு மாற்றல் வந்தால் புத்தகம் அலமாரிக்குப் போகும். அங்கன்வாடிக்கு அந்தக் கவலை குறைவு. அங்கே பணியாளர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். குழந்தை 'கனு' என்றால் அவருக்குப் புரியும்.